போண்டா ஏற்றிய எடை

தராசின் ஒரு பலகையில் நான். மறு பலகையில் மணல் மூட்டை.

என் வயிறு முட்டத் தண்ணீர். லேசாக அசைந்தாலும் உள்ளே குளுக் குளுக்கென்று சத்தம் வந்தது. அது அப்பா காதில் விழுந்துவிடக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பலகையில் படிந்திருந்த கடலைத் தோல் தூசி வெறுங்காலில் நறநறத்தது.

இடம், அன்னவாசலில் எங்கள் அப்பாவின் கடலை மண்டி. காலம், பொங்கல் லீவு. மண்டியும் மூடியிருந்ததால் மூட்டை தூக்குகிற ஆட்கள் யாரும் இல்லை. வயசுக்கு வந்த பெண்ணை அவர்கள் முன்னால் தராசில் ஏற்றக் கூடாது என்று ஆத்தா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். எங்கள் வீட்டில் அம்மாவை ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம்.

ஆத்தா ஒரு மூலையில் உட்கார்ந்து முறத்தில் கடலை புடைத்துக்கொண்டிருந்தாள். குளத்தூரிலிருந்து வந்திருந்த அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, வாசல்படியில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். ஆனால் கண் மட்டும் தராசில் இருந்தது.

"ஆடாம நில்லு பொன்னு" என்று சொல்லிவிட்டு அப்பா சங்கிலியிலிருந்து கையை எடுத்தார்.

என் பக்கம் சட்டென்று கீழே இறங்கியது. மணல் மூட்டை மேலே போனது.

"அடி சக்கை! ஏறியிருக்கே!" என்று அப்பா சிரித்தார்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் மாதக்கணக்கில் தின்றிருந்தேன்.

மணல் மூட்டை வந்த கதை

தொடரை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்கு எங்கள் அப்பாவைத் தெரியும். இன்றைக்குத்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்கு ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். அவர் வாய்ப்பேச்சை நம்பாத மனிதர். தராசு சொன்னால்தான் கேட்பார்.

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் நாலாவது பாரம், அதாவது இந்தக் காலத்து ஒன்பதாம் வகுப்பு, முடித்திருந்தேன். மேலே படிக்க வேண்டுமென்றால் புதுக்கோட்டைக்குப் போய் ஹாஸ்டலில் தங்க வேண்டும். அப்பாவுக்கு அதில் அரை மனசுதான். அத்தைக்கு அந்த அரை மனசும் கிடையாது. அவள் மகனுக்கு நான் முறைப்பெண்.

"ஹாஸ்டல் சோத்தைத் தின்னுட்டு எலும்பும் தோலுமா வந்து நிப்பா. அப்பறம் யாருண்ணே கட்டுவா இவளை?"

"ஏன், ஒம் மகன் கட்ட மாட்டானா?"

"அவன் கட்டுவான். ஊரு சிரிக்குமே!"

அத்தை கெட்டவள் இல்லை, இதை அழுத்திச் சொல்லிவிட வேண்டும். என் மேல் அவளுக்கு உயிர். அவள் மகனும் நல்லவர்தான், பின்னால் வேறு இடத்தில் கட்டிக்கொண்டு சௌக்கியமாக இருந்தார். எனக்கு வேண்டியிருந்தது ஐந்தாவது பாரமும் ஆறாவது பாரமும். அவ்வளவுதான் சங்கதி.

அண்ணன் தங்கை சண்டைக்கு அப்பா தன் பாணியில் ஒரு தீர்ப்பு வைத்தார்.

"எளைக்கிறாளா இல்லையான்னு நாம எதுக்கு வாயால சண்டை போடணும்? தராசு இருக்குல்ல."

ஹாஸ்டலுக்குப் புறப்படும் முன்னால் என்னைத் தராசில் ஏற்றினார். எதிர்ப் பலகையில் ஒரு சாக்கை வைத்து, அதில் வெள்ளாற்று மணலைக் கொட்டிக் கொட்டி, இரண்டு பக்கமும் சமமாக நின்றதும் சாக்கின் வாயைத் தைத்துவிட்டார். எடைக்கல்லை வைத்து நிறுத்து எவ்வளவு என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். ஞாபகம் ஆளுக்கு ஆள் மாறும், மூட்டை மாறாது என்பது அவர் கட்சி.

"ஒவ்வொரு லீவுக்கும் வந்து ஏறணும். மூட்டையை விடக் கொறையக் கூடாது. கொறஞ்சுச்சுன்னா பெட்டியைக் கட்டிக்கிட்டு வீட்டோட வந்துர வேண்டியதுதான்."

அந்த மூட்டை மண்டிச் சுவரோரம் கிடந்தது. ஆட்கள் அதற்குப் 'பொன்னு மூட்டை' என்று பெயரே வைத்துவிட்டார்கள். "டேய், பொன்னு மூட்டை மேல ஏறி உக்காராதே" என்று ஒருத்தனை ஒருத்தன் அதட்டுவார்களாம். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் படிக்கப் போயிருக்கிறேன், என் பெயரில் ஒரு சாக்கு மண்டியில் உட்கார்ந்து என்னை வேவு பார்க்கிறது!

காலாண்டு லீவுக்கு வந்தேன். ஏறினேன். மூட்டை கீழே போனது, நான் மேலே போனேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். வாய்விட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"இந்த ஒரு தடவை விடுறேன்" என்றார் அப்பா. "பொங்கலுக்குப் பாப்போம்."

நாலு மணிப் பசி

ஹாஸ்டலில் சோறு போடாமல் இல்லை. காலையில் கஞ்சி, மத்தியானம் சோறும் தண்ணீர்க் குழம்பும், ராத்திரியும் அதே. அளவும் குறைவில்லை. ஆனால் நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டால் எட்டு மணிக்குத்தான் சாப்பாட்டு மணி. நடுவில் ஒன்றும் கிடையாது. அந்த நாலு மணி நேரம்தான் எங்களைக் கொன்றது.

வளர்கிற வயசுப் பசி எப்படி இருக்கும் என்று பெரியவர்கள் சீக்கிரம் மறந்துவிடுகிறார்கள். காது அடைத்துப் போகும். பூகோளப் புத்தகத்தில் கோதுமை விளையும் நாடுகள் என்று படித்தால் வாயில் எச்சில் ஊறும். கூடப் படிக்கிறவளைக் காரணமில்லாமல் கடித்துக் குதறத் தோன்றும்.

காலாண்டு எடைக் கதையை நான் அழுதுகொண்டே சொன்னது சிவகாமியிடம். ஆவுடையார்கோவில்காரி, என் பக்கத்துப் பாயில் படுப்பவள். கதையைக் கேட்டு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதுக்குப் போயி அழுவியா? ஏத்திட்டாப் போச்சு" என்றாள்.

"எப்படிடி ஏத்துறது?"

"எண்ணெயும் சீனியும்தான். சதை கன்னத்துல போட்டா என்ன, காலுல போட்டா என்ன? தராசுக்குத் தெரியவா போகுது?"

ஹாஸ்டல் மதிலுக்கு வெளியே ஓர் அம்மாள் சாயங்காலம் அடுப்பு மூட்டுவாள். மதிலில் ஒரு செங்கல் விழுந்த இடம் உண்டு. அந்த ஓட்டை வழியாகத்தான் எங்கள் வியாபாரம். போண்டா, பஜ்ஜி, சீனி தூவிய பன். முதல் நாள் எண்ணெயிலேயே மறுநாள் எண்ணெயை ஊற்றிச் சுடுவாள். அடுப்பு மூட்டிய உடனே ஒரு காறல் வாடை மதில் தாண்டி வரும். சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது எங்களுக்கு அதைவிட நல்ல வாசனை உலகத்தில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவுக்கு வரிசையாக அழைத்துப் போவார்கள். கமர்கட்டு, ஆரஞ்சு மிட்டாய், குச்சியில் சுற்றித் தரும் சவ்வு மிட்டாய் என்று சிவகாமி பார்த்துப் பார்த்து வாங்கித் திணிப்பாள். கோலி சோடாவில் கலர் என்று ஒன்று உண்டு, சிவப்பாக இருக்கும். அதைக் குடித்தால் நாக்கு ராத்திரி வரை சிவந்திருக்கும். சாப்பாட்டு மணி அடிக்கும்போது எனக்குப் பசியே இருக்காது. கீரையையும் பருப்பையும் தட்டோரம் ஒதுக்கிவிட்டு எழுந்துவிடுவேன்.

பலன் தெரிந்தது. கன்னம் உப்பியது, ரவிக்கை இறுகியது. கூடவே வேறு சிலவும் வந்தன. நெற்றி நிறையப் பரு. தலை வாரினால் சீப்பில் கொத்தாக முடி. அல்ஜீப்ரா வகுப்பில் கண் தானாகச் சொருகும். மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று மூச்சு வாங்குவேன். மூன்று நாளைக்கு ஒரு தடவை வெளிக்குப் போனால் பெரிய காரியம்.

"எடை ஏறுதுல்ல, பேசாம இரு" என்று சிவகாமி அடக்கிவிடுவாள்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் இப்போது உப்பலாக ஒரு பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு திரிகிறான். பிரித்தால் பாதிக்கு மேல் காற்று, மீதி உப்பும் எண்ணெயும். அவன் அம்மா என்னிடம் வந்து, "நீங்களாச்சும் சொல்லுங்கம்மா" என்கிறாள். நான் என்ன சொல்ல? மதில் ஓட்டை வழியாகக் கை நீட்டியவள் நான். ஒன்று மட்டும் கேட்டேன். "பள்ளிக்கூடம் விட்டு வர்றப்ப வீட்டுல திங்க என்ன இருக்கும்?" அவள் திரும்பி மகன் கையிலிருந்த பாக்கெட்டைப் பார்த்தாள்.

ஈரக் கடலை

தராசில் ஏறும் முன்னால் தண்ணீர் குடித்தது மட்டும் சிவகாமி யோசனை இல்லை. அது என் சொந்த மூளை. கடலை மண்டிக்காரர் மகளுக்கு அதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

மண்டிக்கு வருகிற கடலையில் சில பேர் தண்ணீர் தெளித்துக் கொண்டுவருவார்கள். தோல் குடித்துக்கொள்ளும், எடை ஏறும். அப்பா மூட்டையைப் பிரித்து, ஒரு காயை எடுத்துக் காதோரம் குலுக்குவார். காய்ந்த கடலை உள்ளே கலகலவென்று ஆடும். ஈரக் கடலை ஊமையாக இருக்கும். பிறகு உடைத்துப் பார்ப்பார். மேலே பெரிய காயாக இருக்கும், உள்ளே பருப்பு சோகையாக ஒட்டிக் கிடக்கும்.

நான் சிறுமியாக இருந்தபோது ஒருவர் வண்டி நிறைய அப்படிக் கொண்டுவந்தார். அப்பா சத்தம் போடவில்லை. எல்லாவற்றையும் களத்தில் கொட்டிப் பரப்பச் சொன்னார். "காயட்டும். காஞ்ச பின்னாடி நிறுத்துக்குவோம், இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார். அந்த மனிதர் ரெண்டு நாள் எங்கள் வீட்டில் தலையைக் குனிந்துகொண்டே மோர்ச்சோறு சாப்பிட்டார். கடலையைத் திருப்பி அனுப்புகிற வழக்கம் அப்பாவுக்குக் கிடையாது.

சரி, தராசுக்கு வருவோம்.

எடை ஏறியதில் அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். சாக்கின் தையலைப் பிரித்து, என் புதுக் கனத்துக்குச் சமமாக இன்னும் கொஞ்சம் மணலைக் கொட்டி, மறுபடி தைத்தார். "பாத்தியாத்தா, எம் மகளை?" என்று அத்தையிடம் ஒரு கிண்டல் வேறு. அத்தைக்கும் சந்தோஷம்தான். என் கன்னத்தைக் கிள்ளி, "நல்லாத்தான் பூசினாப்புல இருக்கா" என்றாள்.

நான் பலகையிலிருந்து இறங்கினேன். அப்பா பழக்க தோஷத்தில், "பொன்னு, அந்தக் கூடையை இங்கிட்டு எடுத்தா" என்றார்.

கடலை நிறைந்த மூங்கில் கூடை. ஹாஸ்டலுக்குப் போவதற்கு முன்னால் நான் தினமும் இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடிய கூடைதான். குனிந்தேன், தூக்கினேன். நாலு எட்டு வைப்பதற்குள் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கூடை கவிழ்ந்து கடலை அங்கிட்டும் இங்கிட்டும் சிதறியது. நான் அதன் மேலேயே உட்கார்ந்தேன். உட்கார்ந்த வேகத்தில், குடித்த தண்ணீர் அத்தனையும் வெளியே வந்துவிட்டது.

அத்தை "ஐயோ எம் புள்ளை!" என்று ஓடி வந்து தலையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா கீழே பார்த்தார். தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்தார். காதோரம் ஊமைக் கடலையைக் குலுக்கும்போது அவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். வெளுத்துக் கிடந்தது.

"எடை இருக்கு" என்றார் மெதுவாக. "பருப்பு இல்லை."

எனக்கு அழுகை முட்டியது. அவமானம் பாதி, பயம் பாதி. பொங்கலோடு என் படிப்பு முடிந்தது என்று நினைத்தேன்.

"போதும்ணே" என்றாள் அத்தை. அவளும் அழுதாள். "புள்ளையைக் கொண்ணுராதீங்க. வீட்டோட இருக்கட்டும்."

அப்பா தலையாட்டினார். ஆட்டியே விட்டார்.

அப்போதுதான் மூலையில் முறம் நின்றது.

"ஏங்க" என்றாள் ஆத்தா. "ஈரக் கடலை வந்தா என்ன செய்வீங்க?"

"இப்ப எதுக்கு அது?"

"சொல்லுங்க. திருப்பி அனுப்பிருவீங்களா?"

அப்பா தரையில் சிதறிக் கிடந்த கடலையைப் பார்த்தார். "காய வச்சு மறுபடி நிறுப்பேன்."

"அப்ப நிறுங்க. முழுப்பரீட்சை லீவுக்கு நிறுங்க. ஊரான் கடலைக்கு ஒரு நாயம், ஒங்க மகளுக்கு ஒரு நாயமா?"

ஆத்தா அவ்வளவு நீளமாக அப்பாவிடம் பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. முறம் மறுபடி ஆடத் தொடங்கியது.

மூட்டை பஸ் ஏறியது

அன்று மத்தியானம் ஆத்தா என்னிடம் கேட்டது ஒரே கேள்வி.

"நாலு மணிக்கு அங்க திங்க என்ன குடுக்குறாங்க?"

"ஒண்ணும் குடுக்கல ஆத்தா."

"அடப்பாவிகளா! வளர்ற புள்ளைக்கு நாலு மணிக்கு வயிறு கேக்காதா?"

அத்தனை பேச்சிலும் இதை யாரும் கேட்கவில்லை. அப்பா கேட்கவில்லை, அத்தை கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

லீவு முடிந்து நான் புதுக்கோட்டை பஸ் ஏறியபோது பஸ் கூரையில் ஒரு மூட்டை கடலையும் ஏறியது. இதில் ஒரு சின்னக் கூத்து நடந்தது. அப்பா முதலில் கட்டி வைத்தது பொறுக்கித் தள்ளிய கடலை. மகளுக்கானாலும் வியாபாரி வியாபாரிதான். ஆத்தா மூட்டையைப் பிரித்து ஒரு கை அள்ளிப் பார்த்தாள். மறுபடி கட்டி அவர் காலடியில் வைத்தாள். அவர் உள்ளே போய் முதல் தரத்தில் கட்டிக்கொண்டு வந்தார்.

ஹாஸ்டல் வார்டனம்மாவுக்கு மூட்டையைப் பார்த்ததும் கோபம்.

"ஒரு பிள்ளைக்கு மட்டும் வெளித் தீனி அனுமதிக்க முடியாதுங்க."

கூட வந்திருந்த அப்பா மூட்டையைக் காட்டினார். "ஒரு புள்ளையா இதைத் திங்கும்? எல்லாருக்கும் அவிச்சுக் குடுங்கம்மா. தீர்ந்தாச் சொல்லி விடுங்க."

அடுத்த நாளிலிருந்து நாலரை மணிக்கு உப்புப் போட்டு அவித்த கடலை வந்தது. ஆளுக்கு ஒரு கிண்ணம். முதல் நாள் பெண்கள் முகம் சுளித்தார்கள். ஒருத்தி, "என்னடி இது, மாட்டுத் தீனி" என்றாள். சிவகாமி, "ஒங்கப்பா எங்களையும் தராசுல ஏத்தப் போறாரா?" என்று கேட்டாள். மூன்றாம் நாள் கிண்ணத்துக்கு அடிதடி நடந்தது.

ஆத்தா எனக்குத் தனியாகக் கம்பு மாவில் கருப்பட்டி போட்டு உருண்டை பிடித்துக் கொடுத்திருந்தாள். அதையும் பாதி சிவகாமிதான் தின்றாள். நான் போண்டாவை அடியோடு விட்டுவிட்டேன் என்று எழுதினால் பொய். சனிக்கிழமை ஒன்று, மதில் ஓட்டை வழியாக, சுடச் சுட. ஆனால் நாலரைக்குக் கடலை தின்றவளுக்கு ஒன்றுக்கு மேல் இறங்கவில்லை. எட்டு மணிக்குச் சோற்றுப் பசி எடுத்தது. கீரையைத் தட்டில் ஒதுக்குவது நின்றது.

பரு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அல்ஜீப்ராவில் தூக்கம் வரவில்லை, கணக்கும் வரவில்லை என்பது வேறு விஷயம். கன்னத்து உப்பல் வடிந்தது. ரவிக்கை தளர்ந்தது. தராசில் குறைந்துவிடுமே என்று தினமும் அந்தத் தளர்வை விரலால் அளந்து பார்த்தேன்.

மறுபடி தராசு

முழுப்பரீட்சை முடிந்து ஊருக்கு வந்தேன். மண்டி வெயிலில் காந்திக்கொண்டிருந்தது. அத்தை குளத்தூரிலிருந்து வந்து அதே வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். ஆத்தா அதே மூலையில் முறத்தோடு இருந்தாள்.

பொன்னு மூட்டை எதிர்ப் பலகையில் ஏறியது. பொங்கலுக்குக் கொட்டிய அதிக மணல் உள்ளேயே இருந்தது. அப்பா அதை எடுக்கவில்லை. மறந்துவிட்டாரா, வேண்டுமென்றே விட்டாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கத் தைரியம் இல்லை.

இந்தத் தடவை நான் தண்ணீர் குடிக்கவில்லை. ஏறி நின்றேன். அப்பா கையை எடுத்தார்.

மூட்டை கீழே போனது. என் பலகை மேலே போய் ஆடியது.

கொறையக் கூடாது என்பது பேச்சு. குறைந்துவிட்டது. எல்லாரும் பார்க்கக் குறைந்துவிட்டது. ஆறாவது பாரம் போச்சு, புதுக்கோட்டை போச்சு என்று பலகைச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டேன். அத்தை, "அண்ணே..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். அவள் குரலில் ஜெயித்த சந்தோஷம் துளியும் இல்லை.

அப்பா தராசையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எறங்கு. அந்தக் கூடையைத் தூக்கிட்டு வா" என்றார்.

கூடை மண்டியின் கடைசியில் இருந்தது. போனேன். குனிந்து ஒரே மூச்சில் இடுப்பில் ஏற்றினேன். நடந்து வந்து அவர் முன்னால் நின்றேன். இறக்கி வை என்று அவர் சொல்லவில்லை, நானும் இறக்கவில்லை. கூடையிலிருந்து ஒரு காயை எடுத்துக் காதோரம் குலுக்கினார். உடைத்தார். பருப்பை வாயில் போட்டு நிதானமாக மென்றார். நான் கூடையோடு நின்றேன். மூச்சு வாங்கவில்லை, கண் இருட்டவில்லை. என் கண் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார்.

பிறகு தங்கை பக்கம் திரும்பினார்.

"காஞ்ச கடலை எடை கொறையத்தான் செய்யும்த்தா."

அத்தை அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இடுப்பில் இருந்த கூடையைப் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெற்றிலையை வாயில் போட்டாள். அதற்குப் பிறகு என்னை வீட்டோடு நிறுத்துகிற பேச்சையே அவள் எடுக்கவில்லை.

அப்பா பொன்னு மூட்டையைத் தராசிலிருந்து இறக்கி வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனார். மடியிலிருந்த பேனாக்கத்தியால் தையலை அறுத்தார். மணல் முழுவதையும் மழைக்குப் பள்ளமாகிக் கிடந்த வண்டித் தடத்தில் கொட்டி, காலால் பரப்பிவிட்டார். சாக்கை உதறி மற்றச் சாக்குகளோடு போட்டார்.

"ஆறாவது பாரத்துக்கு ஸ்கூல் என்னைக்குத் தெறக்குறாங்க?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மூலையிலிருந்து ஆத்தா சொன்னாள்.

"அதுக்கு நாளு கெடக்கு. மொதல்ல அந்தக் கூடையை எறக்கச் சொல்லுங்க."